அன்றைக்குக் காற்று எவ்வளவு

9 நவம்பர் 2025, ஞாயிறு

காலை 7 மணி. மைனஸ் 11. காற்று மணிக்கு 15 கிலோமீற்றர். புதுப் பனி 6 சென்ரிமீற்றர். மொத்தம் 71.

இவ்வளவையும் கணினியில் ஏற்றிய பிறகுதான் பிளேன்ரீ ஊற்றினேன். ஏழேகாலுக்கு ஹோக்ஃபிர்ன் மலையின் பனி அறிக்கை வெளிவந்துவிட வேண்டும். கீழே சூரிச்சிலும் பேர்னிலும் கட்டிலில் கிடந்தபடி போனைப் பார்த்து, இன்றைக்குச் சறுக்கப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற மகாராசர்களுக்காக.

இந்த நாட்குறிப்பு போன வாரம் வாங்கியது. நேற்று முழுநாளும் நான் வாய் திறந்தது இரண்டே தடவை, அதில் ஒன்று கொட்டாவி. இப்படியே போனால் தமிழ் மறந்துபோகும் என்று பயம் வந்துவிட்டது. நவம்பரில் மேல் நிலையத்தில் இரண்டே பேர். நான், காவலும் பராமரிப்பும் பனி அளப்பும். ரெட்டோ, இரவெல்லாம் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டிவிட்டுப் பகலெல்லாம் குறட்டை விடுகிறவன். குலவீரசிங்கம் என்ற என் பெயர் இந்த மலையில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பதினாறு வருடமாக 'குலா'.

வேலை சின்ன வேலைதான். வெளியே மொத்த ஆழம் பார்க்க ஒரு அளவுகோல் நட்டிருக்கிறது, அதன் பக்கத்தில் பனியின் மேல் ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் இரவு விழுந்ததை அளப்பது, எழுதுவது, பிறகு பலகையைத் துடைத்துத் திரும்பப் பனியின் மேல் வைப்பது. துடைக்காவிட்டால் நேற்று விழுந்ததும் இன்றைக்கு விழுந்ததாக ஆகிவிடும்.

கையுறையோடு எனக்குப் பேனா பிடிக்க வராது. என் மனைவி லோஜினி இருந்தபோது ஒவ்வொரு திங்களும் கையுறையைப் பையில் வைத்து அனுப்புவாள். ஒவ்வொரு சனியும் அது மடிப்புக் குலையாமல் வீட்டுக்குத் திரும்பும். அதற்கொரு சண்டை நடக்கும்.

10 நவம்பர், திங்கள்

புதுப் பனி 0. மொத்தம் 70.

உர்ஸ் கீழிருந்து போன் எடுத்தான். மலை முழுவதற்கும் அவன்தான் பொறுப்பு. 22ஆம் திகதி சனிக்கிழமை சீசன் திறப்பாம், அதற்குள் ஒரு மீற்றர் வேண்டுமாம். கடையில் சொல்லி வைப்பதுபோலச் சொல்கிறான். "சரி, சொல்லிப் பார்க்கிறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டான். நான் கையால் எழுதிவந்த பழைய அளவுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் கட்டிக் கீழே அனுப்ப வேண்டும், படமெடுத்து வைக்கப் போகிறார்கள். அலுமாரியைத் திறந்து தூசு தட்டினேன். 2009இலிருந்து 2024 வரை கட்டியாயிற்று, ஒன்றைத் தவிர. 2022 அடியில் கிடக்கிறது. அவசரமில்லை, கிடக்கட்டும்.

11 நவம்பர், செவ்வாய்

புதுப் பனி 0. இந்த உயரத்தில் தண்ணீர் தொண்ணூறு பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு அவிய மாட்டேன் என்கிறது. குக்கரை வைத்தால் விசில் கேட்டு ரெட்டோ தீயணைப்பு மணி என்று நினைத்து உள்ளாடையோடு ஓடி வருகிறான். இன்றைக்கும் வந்தான். பருப்பில் பாதியைக் கொடுத்து அனுப்பினேன்.

12 நவம்பர், புதன்

புதுப் பனி 2.

நிரோஜாவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது.

"அப்பா, நானும் லூக்காசும் 22ம் திகதி ஹோக்ஃபிர்ன் வருவம் எண்டு இருக்கிறம். பனி நல்லா இருந்தால். ரிப்போர்ட் பாத்திட்டுச் சொல்லுறன்."

மூன்று வருடம் எட்டு மாதத்துக்குப் பிறகு. எத்தனை தடவை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "வாங்கோ பிள்ளை" என்று பதில் எழுத அரை மணி நேரம் எடுத்தது. லூக்காஸ் அவளுடைய கணவன். பதிவுத் திருமணம் போன வருடம். படத்தை மச்சாள் அனுப்பித்தான் பார்த்தேன். நல்ல உயரம், காதில் ஒரு தோடு.

அவள் ஏன் என்னோடு கதைப்பதை விட்டாள் என்பதை ஒரு தடவை எழுதிவிட்டால் நல்லது. 2022 பெப்ரவரி 9. லோஜினி பேர்னில் ஆஸ்பத்திரியில். நான் இங்கே வேலையில். காலையில் நிரோ போன் எடுத்து உடனே வரச் சொன்னாள். அன்றைக்குப் புயல். கீழே இறங்கும் கேபிள் கார் ஓடவில்லை. மதியம் போன் எடுத்து அவளிடம் சொன்னேன். மறுநாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காற்று மனிதன் கையிலா இருக்கிறது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்டைக்குக் காற்று எவ்வளவு அப்பா?" எண்பது, தொண்ணூறு இருக்கும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அதுதான் கடைசி.

13 நவம்பர், வியாழன்

புதுப் பனி 9. மொத்தம் 78. பலகையைத் துடைத்தேன். நிரோ இதைப் பார்த்திருப்பாள்.

78 போதாது. லூக்காஸ் ஆழப் பனியில் சறுக்குகிற ஆளாம்.

14 நவம்பர், வெள்ளி

புதுப் பனி 16. மொத்தம் 94.

நேற்றுப் பலகையைத் துடைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் காலையில் இருந்த குளிரில் சரியாக நினைவில்லை. அளவுகோலின் இலக்கங்கள் உறைபனி மூடித் தெரியவில்லை, அதனால் கூட்டிப் போட்டேன். அவ்வளவுதான்.

15 நவம்பர், சனி

புதுப் பனி 18. மொத்தம் 112.

இரவு பெரிதாகக் கொட்டின மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் பலகையில் இருப்பதைத்தானே எழுத வேண்டும். துடைக்கும் தூரிகை எங்கேயோ. வலது கை விறைத்துப்போகிறது, வயது அறுபத்தொன்று.

எட்டு மணிக்கு நிரோ: "112! லூக்காஸ் துள்ளுறார்."

இன்றைக்கு வீட்டுக்குப் போகும் நாள். போன சனிபோல இன்றும் போகவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள்? மேலே படுக்கை விரிப்பெல்லாம் தோய்த்தேன். அவர்கள் தங்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் தோய்த்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

புதுப் பனி 0. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். மொத்தம் 111 என்று போட்டேன்.

17 நவம்பர், திங்கள்

உர்ஸ் போன் எடுத்தான். நேரே விசயத்துக்கு வந்தான்.

"குலா, ரெட்டோவின் வண்டியில் ஆழம் அளக்கும் கருவி 88 காட்டுகிறது. உன்னுடையது 111. நீ பலகையைத் துடைக்கிறாயா?"

"துடைக்கிறேன்" என்றேன்.

அவன் சொன்னான்: "அப்படியானால் கருவியில்தான் கோளாறு. பதினாறு வருடத்தில் உன் கையெழுத்தில் ஓர் இலக்கம் பிழைத்ததில்லை. அதற்காகத்தான் அந்தப் புத்தகங்களைக் கேட்டேன். ஆட்கள் உன் இலக்கத்தை நம்பி மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

18 நவம்பர், செவ்வாய்

விடிந்ததும் சுத்தியலைக் கொண்டுபோய் அளவுகோலில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டி எடுத்தேன். 87. ரெட்டோவின் கருவிக்கு ஒரு கோளாறும் இல்லை. தூரிகை எப்போதும் தொங்குகிற ஆணியிலேயே தொங்கியது. நான்தான் துடைக்கவில்லை. இரண்டு நாளும் வேண்டுமென்றேதான் துடைக்கவில்லை. மகள் வரவேண்டும் என்று பொய் இலக்கம் போட்டேன்.

அறிக்கையில் 'திருத்தம்: மொத்தம் 87' என்று ஏற்றிவிட்டு உர்ஸிடமும் சொன்னேன். காரணம் கேட்டான். மகள் என்றேன். "நாளைக்கு வடக்கிலிருந்து பனி வருகிறது. அது போதுமானதாக இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான். இந்த நாட்டுக்காரர் அன்பாகப் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

பிறகு 2022 புத்தகத்தை எடுத்தேன். எடுக்காமல் அலுமாரி காலியாகாது.

பெப்ரவரி 9, புதன். என் கையெழுத்து. மைனஸ் 8. வெயில். காற்று 20. கேபிள் காரும் எல்லா லிஃப்டும் ஓடுகின்றன.

புயல் இல்லை. எனக்கு இது எப்போதும் தெரியும். ஆனால் மூன்று வருடமாக ஒரு பொய்யைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தால் அதற்கு ஒரு இரைச்சல்கூட வந்துவிடுகிறது. ஜன்னல் அதிர்ந்தது நினைவிருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன்.

நடந்தது இதுதான். நிரோ கூப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு கேபிள் கார் ஏறும் மண்டபத்துக்குப் போய் வாங்குப் பலகையில் இருந்தேன். பெட்டி வந்தது. கதவு திறந்தது. அங்கே வேலைக்கு நிற்கிற இளம்பெண் ஏறச் சொல்லிக் கை காட்டினாள். அடுத்ததில் வருகிறேன் என்றேன். அடுத்தது வந்தது. அதற்கடுத்தது என்றேன். ஏழு பெட்டி வந்து போனது. கடைசியாகப் பார்த்தபோது லோஜினிக்கு முகம் சுருங்கிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயம். வேறு பெயர் அதற்கு இல்லை.

பிறகு அறைக்குத் திரும்பி நிரோவுக்குப் போன் எடுத்துப் புயல் என்றேன்.

காலையில் இலக்கத்தைச் சரியாக எழுதிவிட்டு மதியம் வாயால் பொய் சொல்லியிருக்கிறேன். எழுதியது அறிக்கையாக இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பாள்?

19 நவம்பர், புதன்

புதுப் பனி 24. மொத்தம் 109. ஐஸ் தட்டி, கோலில் கண்ணால் பார்த்த இலக்கம். துடைத்தேன். இன்னும் கொட்டுகிறது.

நிரோ: "இப்ப சரியான நம்பரோ? ஹோட்டல் பதிஞ்சாச்சு, ரெண்டு இரவு. வெள்ளி பின்னேரம் கீழ வந்திடுவம். சனி காலமை மேல."

சரியான நம்பர்தான் என்று எழுதினேன். திருத்தத்தைக் கவனித்திருக்கிறாள். அவள் கண்ணில் எதுவும் தப்பாது, தாயைப்போல.

20 நவம்பர், வியாழன்

புதுப் பனி 11. சாமான் பெட்டியில் கத்தரிக்காய் வந்தது. நான்கு பிராங்குக்கு பொம்மைபோல ஒரு சின்னக் கத்தரிக்காய். பொரித்துக் குழம்பு வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். சின்ன வயதில் நிரோ இந்தக் குழம்பைச் சோறில்லாமல் கரண்டியால் சாப்பிடுவாள். இப்போதும் சாப்பிடுவாளா தெரியாது. லூக்காசுக்காக உறைப்பைக் குறைத்தேன். பிறகு, அவன் பழகட்டும் என்று இன்னும் கொஞ்சம் தூள் போட்டேன்.

வானிலைக்காரர் சனிக்கிழமைக்குத் தெற்குக் காற்று என்கிறார்கள். அறுபதிலிருந்து நூற்றுப்பத்து வரையாம். அறுபதுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவே ஒரு மலையே அடங்கும். இதைச் சொல்ல ஒரு கணினி வேண்டுமா?

21 நவம்பர், வெள்ளி

காலையில் அசையாத காற்று. ஆனால் தெற்கே தூரத்து மலைகள் கிட்ட வந்து நின்றன, கல்லை எண்ணலாம். அவற்றின் மேல் மீன் வடிவில் மேகம், மழமழவென்று. எனக்குக் கண்ணுக்குப் பின்னால் தலையிடி. இந்த மூன்றும் சேர்ந்தால் தெற்குப் புயல்தான், பதினாறு வருடத்தில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

பத்து மணிக்கு உர்ஸ். "திறப்பு நாள், ஐந்நூறு பேர் பதிந்திருக்கிறார்கள். கணினி இரண்டு பக்கமும் சொல்கிறது. மேலே நிற்கிறவன் நீ. அறுபது என்றால் திறக்கிறேன். மதியத்துக்குள் சொல்லு."

போனை வைத்துவிட்டு ஜன்னலடியில் நின்றேன். அறுபது என்று சொன்னால் காலையில் இரண்டு மணி நேரமாவது கேபிள் கார் ஓடும். நிரோ ஏறி வந்துவிடுவாள். வந்துவிட்டால் காற்று பிடித்தாலும் பிறகென்ன, மேலேயே இருந்து குழம்பு சாப்பிடலாம். பிழையாய்ப் போனால் கணினியின் பிழை. ஒருவரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

அல்லது தூண்களுக்கு நடுவில் பெட்டி நின்று ஆடும், அதற்குள் அவள் இருப்பாள்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் எடுத்து, "நூற்றுப்பத்து. மேல் பகுதி மூடு" என்றேன். நானே அறிக்கையிலும் ஏற்றினேன். சனி: தெற்குப் புயல், மேல் நிலையம் மூடல். நடு நிலையம்வரை மட்டும் ஓடும்.

நிரோவிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. குழம்பில் கொஞ்சம் நான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

22 நவம்பர், சனி

காலை 7 மணி. காற்று 96. ஒன்பது மணிக்கு 114. பலகையைக் காணவில்லை, காற்றுக் கொண்டுபோய்விட்டது. கதவைத் திறக்க முதுகால் தள்ள வேண்டியிருந்தது. எனக்குள் அற்பமாக ஒரு சந்தோசம், சொன்னது சரியாகப் போயிற்றே என்று.

ஒன்பதரைக்கு நிரோவின் செய்தி. ஒரு படம், ஒரு வரி. படத்தில் நடு நிலையம், வெயில், கம்பத்தில் கொடி தொங்கிக்கொண்டிருக்கிறது.

"இஞ்ச கொடி கூட ஆடேல்லை. இந்த முறையும் காற்றோ அப்பா?"

நடு நிலையம் மலை மடிப்புக்குள் இருக்கிறது. தெற்குக் காற்று அதற்கு மேலால் தாவிப் போய்விடும். இதை அவளுக்கு எழுதத் தொடங்கினேன். படம் அனுப்பலாம், காற்றுமானியைக் காட்டலாம். அழித்துவிட்டேன். நூற்றுப்பதினாலு என்று நான் சத்தியம் செய்தாலும் அவளுக்கு அது என் வாயால் வரும் புயல்தானே.

ரெட்டோவின் கதவைத் தட்டினேன்.

"என்னை நடு நிலையத்தில் கொண்டுபோய் விடு."

"உனக்குப் பைத்தியமா? ஒன்றும் தெரியாது வெளியே."

"என் மகள் நிற்கிறாள்."

ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு பூட்ஸைத் தேடினான்.

வழக்கமாகப் பதினைந்து நிமிடம், இன்று ஒன்றேகால் மணி நேரம். முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. ரெட்டோ பாதையோரத்துக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து ஓட்டினான். இரண்டு தடவை இறங்கி நான் முன்னால் நடந்து கம்பைக் கண்டுபிடிக்க வேண்டி வந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது. ஓடுகிற கேபிள் காரில் ஏறாத மனிதன், ஓடாத நாளில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வரவில்லை. பயந்துகொண்டேதான் வந்தேன், காற்றுக்கல்ல.

கடைசி வளைவு திரும்பியதும் காற்று ஒரேயடியாக நின்றது. வெயில். கொடி தொங்கியது. உணவகத்து வாசலில் நிரோ நின்றாள், பக்கத்தில் அந்த உயரமான பையன். வண்டி முழுக்க ஐஸ் அப்பியிருந்ததை அவள் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்பா, தாடி முழுக்க ஐஸ்."

"மேல நூற்றிப் பதினாலு பிள்ளை. இஞ்ச மலை மறைக்குது."

"ம்."

"அதைச் சொல்ல வரேல்லை." கையால் தாடியைத் துடைத்தேன். "நீ அண்டைக்குக் கேட்டனி. அண்டைக்குக் காற்று இருவது. வெயில். எல்லாம் ஓடினது. ஏழு பெட்டி வந்து போனது, நான் ஏறேல்லை. அம்மாவைப் பாக்கப் பயந்துபோனன். புயல் எண்டது பொய்."

லூக்காசுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ விளங்கி, ரெட்டோவுக்குக் கோப்பி வாங்கித் தருகிறேன் என்று அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான். நல்ல பையன்.

நிரோ அழவில்லை. "எனக்குத் தெரியும் அப்பா" என்றாள். "அண்டைக்கே தெரியும். நீங்கள் போன் வச்ச உடன ஆஸ்பத்திரியில இருந்து ரிப்போர்ட் பாத்தனான். எல்லாம் ஓடுது எண்டு நீங்களே போட்டிருந்தனீங்கள். அப்ப அம்மா கண் திறந்து, அப்பா வெளிக்கிட்டிட்டாரோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"அங்க புயல் அம்மா, ஒண்டும் ஓடேல்லை எண்டு சொன்னன். வேற என்ன சொல்லுறது? அம்மாவுக்கு நான் கடைசியாச் சொன்னது உங்கட பொய். அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் இருந்தது. உங்கட வாயால ஒருக்கா இருவது எண்டு சொல்லுவியள் எண்டு இருந்தன்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா என்ன சொன்னவ?"

"அந்த மனுசன் கையுறை போட்டுதோ தெரியாது எண்டவ. பிறகு கதைக்கேல்லை."

என் கைகளைப் பார்த்தாள். கம்புகளைப் பிடித்துப் பிடித்துச் சிவந்து வீங்கியிருந்தன. நான் அழுதேன். அங்கே சறுக்க வந்த ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

உள்ளே போய்ச் சூப் குடித்தோம். அதிகம் கதைக்கவில்லை. அவள் என்னை மன்னித்தாள் என்று எழுத மாட்டேன், அவள் அப்படிச் சொல்லவில்லை. பின்னேரம் காற்று தணிந்து நான் ரெட்டோவோடு திரும்பும்போது, "நாளைக்கு ரிப்போர்ட் எத்தினை மணிக்குப் போடுவியள்?" என்று மட்டும் கேட்டாள். ஏழேகால் என்றேன்.

23 நவம்பர், ஞாயிறு

காலை 7 மணி. மைனஸ் 9. காற்று 10. புதுப் பனி 3. மொத்தம் 98, மிச்சத்தைக் காற்று அள்ளிப்போயிற்று. பலகை நேற்றுத் திரும்பியபோது வேலிக்கு அப்பால் கிடந்தது. கொண்டுவந்து துடைத்து வைத்திருந்தேன். எல்லாம் ஓடுகின்றன.

எழுத்து கோணலாக இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

7.15க்கு அறிக்கையை ஏற்றினேன். 7.16க்கு நிரோ கேட்டாள்: "உண்மையோ?"

"கையால அளந்தது" என்று எழுதினேன்.

குழம்பைச் சூடாக்க வேண்டும். முதல் கேபிள் கார் எட்டரைக்கு.